மழை விட்டபின் வரும் கொப்புளம்

கேள்வி:

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பழைய சொசைட்டியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு நாகர்கோவில் பக்கம். பல வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து கொண்டுவந்து காம்பவுண்டு சுவர் ஓரமாக அவர் வைத்த கறுவாக் கன்று இப்போது முதல் மாடி ஜன்னலைத் தொடுகிறது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் அதன் இலையைத்தான் கிள்ளிப் போடுகிறோம். எப்போதாவது ஒரு கிளையை வெட்டிப் பட்டையும் உரிப்பார்.

மூன்று நான்கு வருஷமாக அதன் இலைகளில் பரு மாதிரி கொப்புளம் வருகிறது. முதலில் பச்சையாக, அப்புறம் லேசாகச் சிவந்து, கடைசியில் பழுப்பாகிவிடுகிறது. சில இலைகள் சுருண்டு போகின்றன. ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. ஜூன், ஜூலையில் கொட்டுகிற மழையில் இலை சுத்தமாக இருக்கிறது. மழை விட்டு, தீபாவளி தாண்டினால் மரம் முழுக்கக் கொப்புளம். சில வருஷம் அதிகம், சில வருஷம் குறைவு. போன வருஷம் ஆகஸ்டில் பதினைந்து நாள் மழையே இல்லாமல் காய்ந்தது. அந்த வருஷம்தான் மிகவும் மோசம். மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சொசைட்டிக்கு வரும் பெஸ்ட் கன்ட்ரோல்காரர் மாதம் ஒருமுறை மருந்து அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா? கொப்புளம் வந்த இலையைச் சமையலுக்குப் போடலாமா? செம்பூரில் இருக்கும் என் நாத்தனார் ஒரு கன்று கேட்கிறார். இந்த மரத்திலிருந்து பதியன் போட்டுக் கொடுத்தால் அங்கேயும் நோய் பரவிவிடுமா?

— ஒரு வாசகி, கிங்ஸ் சர்க்கிள், மும்பை

பதில்:

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மழைக்கும் கொப்புளத்துக்கும் சம்பந்தம் உண்டு. எந்த வருஷம் ஆகஸ்ட் காய்ந்ததோ அந்த வருஷம்தான் அதிகம் என்று கவனித்திருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் கொப்புளச் சிலந்திப்பேனின் வேலை. எரியோபைட் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுவாவில் வருவதை இலங்கையில் எரியோபைஸ் பாய்சி என்ற பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள். சிலந்திக்கும் உண்ணிக்கும் எட்டுக் கால். இதற்கு நான்கே கால், அதுவும் தலைப்பக்கமாக. உடம்பு புழு மாதிரி நீண்டிருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது இளந்துளிரின் செல்லைக் குத்தி உறிஞ்சும்போது எச்சில் உள்ளே போகிறது. அந்த இடத்தில் இலை தாறுமாறாக வளர்ந்து, பேனைச் சுற்றி ஒரு சின்ன அறையாக மூடிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் பரு அதுதான். பேன் அதற்குள்ளேயே முட்டையிட்டு, அங்கேயே பெருகும்.

மருந்து பற்றிப் பேசுமுன் இது அந்தப் பேன்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கறுவா இலையில் முடிச்சு போடுகிற இன்னொரு பூச்சியும் உண்டு. ட்ரையோசா சின்னமோமி என்ற தாவும் பேன் அது, இலங்கையில் நன்கு தெரிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பழுப்பாகாத, இன்னும் பச்சையாக இருக்கிற ஒரு கொப்புளத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் மாட்டுங்காவில் கிடைக்கும். அதை வைத்து, வெயிலில் நின்று பாருங்கள். உள்ளே சதைப்பற்றான மயிர் போன்ற வளர்ச்சியும், அதனிடையே பால் நிறத்தில் மெல்ல நகரும் நுண்ணிய துணுக்குகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். தட்டையான, மஞ்சளான ஒரு குஞ்சு தனியாகக் குழிக்குள் உட்கார்ந்திருப்பது லென்ஸ் இல்லாமலே தெரிந்தால் அது தாவும் பேன். பழுப்பான கொப்புளத்தை வெட்டிப் பயனில்லை. குடியிருந்தது எப்போதோ வெளியேறியிருக்கும்.

இனி வானிலைக்கு வருகிறேன். முதிர்ந்த இலையில் இந்தப் பேனால் கொப்புளம் உண்டாக்க முடியாது. செல்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற கொழுந்தில் மட்டும்தான் முடியும். கறுவாவின் கொழுந்து செக்கச் சிவப்பாக வரும், பிறகு வெளிறிய பச்சையாகி, இரண்டு மூன்று வாரத்தில் தடித்துக் கரும்பச்சையாகும். அந்த இரண்டு மூன்று வாரம்தான் மரத்துக்கு ஆபத்துக் காலம். அந்த நாட்களில் வெளியே பேன் திரிகிறதா, காற்று அதைக் கொண்டுவந்து சேர்க்கிறதா, மழை கழுவித் தள்ளுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வருஷத்தின் கொப்புளக் கணக்கு. நவம்பரில் கண்ணில் படுகிற கொப்புளம் செப்டம்பர், அக்டோபரின் வானிலை எழுதிப் போட்டது. நவம்பரின் வானிலைக்கு அதில் பங்கில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். கொப்புளத்தைப் பார்த்த அன்று மருந்தைத் தேடுகிறார்கள். அன்றைக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இதை உங்கள் மரத்திலேயே பார்க்கலாம். கைக்கு எட்டுகிற ஒரு கிளையை நுனியிலிருந்து அடிவரை தடவிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு துளிர்ப்பும் முடிந்த இடத்தில் தண்டில் நெருக்கமான சின்ன வளையத் தழும்புகள் இருக்கும். இரண்டு தழும்புக்கு நடுவில் இருக்கிற இலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விட்டவை. மழைத் தொடக்கத்தில் விட்ட அடுக்கில் ஏறக்குறைய எல்லா இலையும் வழவழவென்று இருக்கும். மூன்று நரம்பும் தெளிவாகத் தெரியும். அதற்கு மேலே, மழை விட்டபின் வந்த அடுக்கில் இலைக்கு இலை கொப்புளம். ஒரே கிளை, ஒரே மரம், அடுத்தடுத்த இரண்டு அடுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வானிலைதான். பத்துக் கிளையை இப்படிப் பார்த்துவிட்டால், உங்கள் மரத்துக்கு எந்த மாதத் துளிர் ஆபத்தானது என்று எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மழை இரண்டு விதமாக உதவுகிறது. கொப்புளத்துக்கு வெளியே இலை மேல் ஊர்ந்து திரியும் பேனைப் பெருமழை அடித்துக் கழுவிவிடும். தொடர்ந்து ஈரம் இருந்தால் ஹிர்சுடெல்லா என்ற பூஞ்சை இந்தக் குடும்பத்துப் பேன்களைத் தாக்கிக் கொல்லும். ஆனால் கொப்புளத்துக்குள் இருக்கிற பேனுக்கு மழை ஒன்றும் செய்யாது. அறையின் வாய் மயிரிழை அளவு, அதுவும் உள்வளர்ச்சியால் அடைபட்டிருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை உங்கள் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழை பெய்தாலும் கொப்புளத்துக்குள் இருப்பது நனைவது அபூர்வம். ஆகவே மழைக்காலத்தில் பேன் அழிந்துவிடுவதில்லை. பரவுவதுதான் நின்றுபோகிறது. மழை நின்றதும் மிச்சமிருப்பது வெளியே வருகிறது.

வெளியே வந்தபின் அதற்கு வாகனம் காற்றுதான். இலை முதிர்ந்து, கொப்புளம் காய்ந்து வெடிக்கத் தொடங்கினால் பேன்கள் இலையின் மேல்பரப்புக்கு ஏறும். பின்பக்கத்து ஒட்டுறுப்பால் இலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் செங்குத்தாக நிமிர்த்திக் காற்றுக்காகக் காத்து நிற்கும். ஈரமாக இருக்கும் நாளில் எங்கும் போக முடியாது. காய்ந்த நாளில், மும்பையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும் நேரம் அவற்றுக்கு வசதி. காற்றில் போகிறவை ஏராளம் மடியும். வெயிலில் சீக்கிரமே உலர்ந்துவிடும் உடம்பு அது. ஆனால் பக்கத்திலேயே அதே மரத்தின் செங்கொழுந்து விரிந்திருந்தால் தூரம் போகத் தேவையே இல்லையே.

ஆகஸ்டில் பதினைந்து நாள் காய்ந்ததன் பொருள் இப்போது புரியும். ஜூனிலும் ஜூலையிலும் மண் நன்றாக நனைந்ததால் மரம் துளிர்த்தது. அந்தத் துளிர் இளசாக இருக்கும்போதே மழை இடைவெளி விட்டது. கழுவ மழை இல்லை, பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் இல்லை, காற்று மட்டும் உண்டு. வழக்கமாக அக்டோபரில் தொடங்க வேண்டிய பரவல் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அந்தத் தலைமுறை பெருகி, அக்டோபர்த் துளிருக்கு இரட்டிப்பாக வந்து சேர்ந்தது. மும்பையில் பருவமழை வழக்கமாக அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் விலகுகிறது. அதையடுத்து வருகிற அக்டோபர் வெக்கையும், ஈரம் மாறாத மண்ணும் சேர்ந்தால் மரத்துக்கும் துளிர்க்கத் தோன்றும், பேனுக்கும் பெருகத் தோன்றும்.

வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், தென்னையைப் பார்க்கச் சொல்வேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த தென்னைச் சிலந்திப்பேன் 1997 கடைசியில் இலங்கையில் கற்பிட்டிப் பக்கமும், 1998-ல் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் அம்பல்லூரிலும் தலைகாட்டியது. கொஞ்ச காலத்துக்குள் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்குள் புகுந்து, தேங்காயைச் சுருக்கி, மட்டையை வெடிக்கச் செய்து, விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்தது. அந்த அடியால் அதை உலகம் முழுக்கத் துருவிப் படித்தார்கள். 15 டிகிரிக் குளிரில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு அதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. 35 டிகிரியில் ஒரு வாரம் போதும். கேரளத்தில் பார்த்தவர்கள் கோடையில் பேன் ஏறுவதையும், தென்மேற்குப் பருவமழையில் இறங்குவதையும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கறுவாப் பேனுக்கும் தென்னைப் பேனுக்கும் எல்லாம் ஒன்றல்ல. தென்னைப் பேன் காயின் தொப்பிக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறது, இது இலைக்குள் அறை கட்டுகிறது. ஆனாலும் ஒளிந்து வாழ்வது, காற்றில் பரவுவது, வெப்பத்தில் விரைவது ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. மும்பையில் குளிர் என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. டிசம்பர் இரவிலும் பேனின் பெருக்கம் மெதுவாகுமே ஒழிய நிற்காது.

ஊரில் உங்கள் மாமியார் இதை இந்த அளவுக்குப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. மாரமலை, கீரிப்பாறைப் பக்கத்தில் கிராம்புக்கும் ரப்பருக்கும் பக்கத்தில் நிற்கிற கறுவாவுக்குக் காய்ந்த காலம் குறைவு. பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கறுவாவில் தனி ரகமே வெளியிட்டிருக்கிறது என்றால் அந்த மண்ணின் பொருத்தம் அப்படி. இலங்கையில் காலி, மாத்தறை மாவட்டங்களிலும் ஏறக்குறைய எல்லா மாதமும் மழை உண்டு. மும்பைக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல், பிறகு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அநேகமாக ஒன்றுமில்லை. நான்கு மாதம் வெள்ளம், மிச்ச மாதங்களில் வறட்சி என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் உங்கள் மரத்தைத் தடுமாற வைக்கிறது.

ஆனால் இதனால் எப்போதும் மழை நாட்டில் பேன் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் கறுவாப் பகுதியிலும் இது தெரிந்த தொல்லைதான். அங்கே அடிக்கடி வெட்டுவதால் மரம் அடிக்கடி துளிர்க்கிறது, பேனுக்கு இளங்கொழுந்து வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. மழை கழுவுகிறது, துளிர் கூப்பிடுகிறது. இரண்டில் எது மிஞ்சுகிறதோ அதன்படிதான் முடிவு. “மழை அதிகமானால் பேன் குறையும்” என்ற ஒற்றை வரியை நம்பி யாரும் தோட்டம் நடத்த முடியாது. மழை எப்போது பெய்தது, அப்போது மரத்தில் துளிர் இருந்ததா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நகரத்துக் காம்பவுண்டுக்கென்று தனி வானிலை ஒன்று உண்டு. வானிலை ஆய்வு நிலையம் கொலாபாவிலும் சாந்தாகுரூசிலும் எடுக்கிற அளவு உங்கள் மரத்தின் அளவு இல்லை. முதல் மாடி ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவுக்குக் கீழே போகும் கிளையைப் பாருங்கள். மழை நேரடியாக விழாத அந்தக் கிளையில் கொப்புளம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஏ.சி. வெளிப்பெட்டியின் சூடான காற்று படுகிற பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே இலை சீக்கிரம் முதிர்ந்து காய்கிறது, பேன் சீக்கிரம் வெளியேறுகிறது. மாட்டுங்காவிலும் சயானிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகிறார்கள் என்பதால் குளிர்காலத் தூசி உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். தீமை செய்யும் பேனைப் பிடித்துத் தின்னும் நல்ல சிலந்திப்பேன்களும் உண்டு. இலையில் தூசி படிந்தால் அவை வேட்டையாட முடியாமல் குறைந்துவிடும். மழையில்லாத மாதங்களில் வாரத்தில் ஒரு நாள், காலையில், குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக இலையின் இரு பக்கமும் பீய்ச்சுங்கள். மழை செய்கிற வேலையில் பாதியை அது செய்யும். துளிர் சிவந்திருக்கும் வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறை செய்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் மழைக்கு முதலில் முழுகும் இடங்கள். கறுவாவுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. வேர் மூச்சுத் திணறி, அழுகல் தொடங்கும். அப்படி நொந்த மரம் மழை விட்டதும் ஒரே மூச்சாகத் துளிர்த்து ஈடுகட்டப் பார்க்கும். சரியாகப் பேன் வெளியேறும் நேரத்தில். எனவே மே மாதத்திலேயே மரத்தடியில் மண்ணை உயர்த்தி, சுவர் ஓரத்தில் தண்ணீர் வடிய வழி செய்துவிடுங்கள். சொசைட்டி அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தால், ஓர் அடி அகலத்துக்காவது அதை உடைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கொப்புளத்துக்கு மருந்து வாங்கும் பணத்தை இதற்குச் செலவழித்தால் பலன் நிச்சயம்.

மருந்துக்கு வருகிறேன். மாதாமாதம் அடிக்கும் யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மேலாக அடிக்கும் மருந்து கொப்புளத்துக்குள் போகாது. மரத்தின் உடம்புக்குள் ஊடுருவிப் போகிற மருந்து போகும், ஆனால் அது இலையிலும் பட்டையிலும் தங்கும். அந்த இலையைத்தான் நீங்கள் குருமாவில் போடுகிறீர்கள், அந்தக் காம்பவுண்டில்தான் குழந்தைகள் விளையாடுகின்றன. பெஸ்ட் கன்ட்ரோலில் சாதாரணமாகப் புழங்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளோ நல்ல பேனை முதலில் கொன்று, கெட்டதைப் பெருக விடும். இப்படி அடித்த பிறகு பேன் கூடிப்போவது பல பயிர்களில் அடிக்கடி பார்க்கிற விஷயம். வேண்டாம் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடியது கத்தரிக்கோல் வேலை, அதுவும் சரியான காலத்தில். ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ, மழைத் துளிர் வருவதற்கு முன், கொப்புளம் நிறைந்த நுனிக்கிளைகளை வெட்டி, அங்கேயே போட்டுவிடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கிளை மரத்தடியில் காய்ந்தால் அதிலிருக்கும் பேன் மேலே திரும்பிவிடும். செப்டம்பரில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்போது வெட்டினால் அக்டோபரில் பெருந்துளிர் வரும், நீங்களே விருந்துக்கு அழைத்தது போலாகிவிடும். அதே காரணத்துக்காக ஆகஸ்ட், செப்டம்பரில் யூரியா போடக் கூடாது. மக்கிய எருவை ஜூனில் கொடுத்தால் போதும். கோடையில் உங்கள் தோட்டக்காரர் தினமும் குழாயைத் திறந்துவிட்டு மரத்தடியைச் சதசதவென்று வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். அகாலத்தில் துளிர் வர அது ஒரு காரணம். வாரம் இரண்டு முறை ஆழமாக நனைத்தால் வளர்ந்த மரத்துக்குப் போதும்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை விட்டதும் வரும் துளிர் சிவந்திருக்கும்போது, போன வருஷம் கொப்புளம் மிக அதிகமாக இருந்திருந்தால் மட்டும், நனையும் கந்தகத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த மாலையில்தான் தெளிக்க வேண்டும். 32 டிகிரிக்கு மேல் சுடும் நேரத்தில் கந்தகம் பட்டால் கொழுந்து கருகிவிடும், அக்டோபர்ப் பகலில் அந்த ஆபத்து நிஜம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். கந்தகம் பிடிக்காவிட்டால் வேப்பெண்ணெய், பூண்டு, சோப்புக் கரைசல். தென்னைச் சிலந்திப்பேனுக்கு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 2 சதவீத அளவில் பரிந்துரைத்தது அது. தேங்காயின் தோல் தாங்குவதைக் கறுவாக் கொழுந்து தாங்காது. பாதி அளவில் கரைத்து, ஒரே ஒரு கிளையில் தெளித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் சேர்த்து அடிக்காதீர்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் மூன்று வாரமாவது விட வேண்டும். எது தெளித்தாலும் அந்தத் துளிர் முதிர்ந்து கரும்பச்சையாகும் வரை அதிலிருந்து சமையலுக்குக் கிள்ள வேண்டாம்.

கொப்புளம் வந்த இலையைச் சமையலில் போட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மணம் கொஞ்சம் குறையும். சுத்தமான இலை மரத்தில் இருக்கும்போது அதைக் கிள்ளிக்கொள்ளலாமே. பட்டை உரிப்பதற்கும் கொப்புளத்துக்கும் சம்பந்தமில்லை. மாமியாருக்குத் தெரிந்திருக்கும், சிவந்த துளிர் பச்சைக்கு மாறும்போதுதான் சாறு ஏறிப் பட்டை வழுக்கிக்கொண்டு உரியும். கேரளத்தில் மே மாதமும் நவம்பரும் அறுவடைக்கு ஏற்றவை என்று வைத்திருப்பது அதனால்தான். வளர்ந்த மரத்தை இந்தப் பேன் கொல்லாது. கன்றுக்குத்தான் ஆபத்து. நாலைந்து துளிரும் கொப்புளமாகிவிட்டால் வளர்ச்சி குன்றிவிடும்.

சாலையோரத்துப் புங்க மரத்திலும் இலை முழுக்க விரல் விரலாக முடிச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுங்காவில் பூ விற்பவர்களைக் கேட்டால், ஊரில் மல்லிகைச் செடியில் வெள்ளைப் பஞ்சு படிந்தது போல் வருவதைச் சொல்வார்கள். இரண்டும் இதே குடும்பத்துப் பேன்தான். ஆனால் புங்கம் பேன் கறுவாவுக்கு வராது, கறுவாப் பேன் மல்லிகைக்குப் போகாது. ஒவ்வொன்றுக்கும் தன் செடிதான். அதனால் காம்பவுண்டில் வேறு செடிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இலைக்கும் காற்றுக்கும் நடுவில் நிழலும் ஈரமும் இருந்தால் ஏற்றத்தாழ்வு குறையும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ரத்னகிரிக்கு அருகில் பாட்டியேயில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் தென்னைக்கு நடுவே கறுவா, ஜாதிக்காய், அன்னாசி என்று சேர்த்து வளர்க்கும் முறைக்கு லாக்கி பாக் என்று பெயர். அங்கும் மும்பையைப் போலவே நான்கு மாத மழைதான். ஆனால் தென்னையின் நிழலுக்குக் கீழே வெக்கையும் வறட்சியும் மட்டுப்படுகின்றன. உங்கள் காம்பவுண்டில் தென்னை வைக்கச் சொல்ல மாட்டேன். மரத்தடியில் காய்ந்த இலையையும் தேங்காய் நாரையும் அரை அடிக்கு மூடாக்காகப் போட்டு, அடிமரத்தை மட்டும் தொடாமல் விட்டால், மண்ணின் ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. துளிரும் நேரம் தவறி வராது.

இந்த வருஷம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சமையலறை நாள்காட்டியில், துளிர் சிவக்கத் தொடங்கிய தேதியையும், மழை தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் விட்ட நாட்களையும் குறித்து வையுங்கள். நவம்பரில் கொப்புளத்தைப் பார்க்கும்போது அந்தத் தாளையும் பாருங்கள். இரண்டு வருஷம் செய்தால், எந்த வருஷம் கந்தகம் வேண்டும், எந்த வருஷம் வேண்டாம் என்று ஜூலையிலேயே சொல்லிவிடுவீர்கள். மும்பையில் கறுவா வளர்க்கிற மற்ற வாசகர்களும் இப்படிக் குறித்து எழுதினால் எனக்கும் பயன்படும்.

நாத்தனாருக்குப் பதியன் போட்டுக் கொடுக்காதீர்கள். கிளையோடு பேனும் செம்பூருக்குப் போய்விடும். மழைக்காலத்தில் மரத்தில் கரு ஊதா நிறத்தில் பழம் பழுக்கும். பறவைகள் தின்னுமுன் நன்கு பழுத்ததாகப் பத்துப் பழம் பறித்து, சதையைக் கசக்கிக் கழுவி, நிழலில் ஈரம் வற்றவிட்டு, விதையை மட்டும் கொடுங்கள். கறுவா விதைக்கு முளைப்புச் சக்தி சில நாட்கள்தான் நிற்கும், காயவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் முளைக்காது. பறித்த இரண்டு மூன்று நாளுக்குள் மணலும் எருவும் கலந்த பையில் ஊன்றிவிடச் சொல்லுங்கள். சுமார் இருபது நாளில் முளை தெரியும். முதல் ஆறு மாதம் நிழலில் வைத்து, ஒவ்வொரு துளிரையும் லென்ஸால் பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குத் தரையில் நடலாம்.